லுவாங் பிரபாங்கின் வைகறை வரிசை: படமெடுக்க யாரிடம் அனுமதி கேட்பது?

தாமிரபரணியான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பரில் நானும் என் தங்கையும் லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங் நகரத்தில் ஆறு நாட்கள் தங்கப்போகிறோம். மேகோங் ஆறும் ‘நாம் கான்’ என்ற ஆறும் கூடும் இடத்தில் நாக்கைப்போல நீண்டு கிடக்கும் அந்தப் பழைய நகரத்தில் 30-க்கும் மேற்பட்ட விகாரைகள் உள்ளன. யுனெஸ்கோ அதை 1995-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாள்தோறும் பொழுது புலரும் முன்பே பிக்குகளும், சாமணேரர் எனப்படும் இளந்துறவிகளும் வெறுங்காலுடன் வரிசையாக வருகிறார்கள். தெருவோரம் மண்டியிட்டிருக்கும் ஊரார் ஒட்டும் பதமுள்ள அரிசிச் சோற்றைச் சிறு உருண்டைகளாக அவர்களுடைய பாத்திரத்தில் இடுகிறார்கள். இதைத் ‘தக் பாத்’ என்கிறார்கள். அந்தப் ‘பாத்’ என்பது நம்முடைய பாத்திரம்தான் என்பதை அறிந்தபோது, ஏனோ அந்தச் சடங்கு ஒரு முழம் கிட்டே வந்ததுபோல் இருந்தது.

அதைப் படமெடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் அண்மையில் பார்த்த சில காணொளிகள் என்னைத் தயங்க வைத்துவிட்டன. ஒருவர் தம் கைபேசியைச் சோறு விழும் பாத்திரத்திற்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டியபடி பின்னோக்கி நடந்துகொண்டே போகிறார். வரிசையின் முதலில் வரும் முதியவர் அவருக்காகத் தம் நடையைச் சுருக்கிக்கொள்கிறார்.

என் தரப்பிலும் ஒரு குறை உண்டு. சென்ற ஆண்டு லடாக்கில் ஒரு மடாலயத்தின் காலை வழிபாட்டில் அமர்ந்திருந்தேன். ஃபிளாஷை அணைத்துவிட்டேன் என்ற நிம்மதியில் ஷட்டரைப் பாதி அழுத்தியபோது, கேமராவின் ஃபோக்கஸ் விளக்கு பளிச்சென்று எரிந்து, எதிரே சுவடியைப் புரட்டிக்கொண்டிருந்த எட்டு வயதுச் சிறுவனின் கண்ணில் ஆரஞ்சு நிறத்தில் விழுந்தது. அவன் போர்வை நுனியால் முகத்தை மூடிக்கொண்டான். பக்கத்திலிருந்த முதியவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அந்தப் படத்தை இதுவரை அழிக்கவும் இல்லை, யாருக்கும் காட்டவும் இல்லை.

என் கேள்வி இதுதான். கடைத்தெருவில் ஒருவரைப் படமெடுக்க விரும்பினால் கேமராவைத் தூக்கிக் காட்டிப் புன்னகைத்துக் கேட்டுவிடலாம். பிச்சை ஏற்க வரும் பிக்கு பேசமாட்டார், நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். அவரிடம் எப்படி அனுமதி கேட்பது?

நெடுவழிப்போக்கன் எழுதியது:

நண்பரே, நீங்கள் தேவைக்கு மேல் யோசிக்கிறீர்கள் என்றே எனக்குப் படுகிறது. அது பொதுச்சாலை. வரிசையில் வருபவர்களுக்கு இருபுறமும் கேமராக்கள் இருக்கும் என்பது தெரியும். லாவோஸைப் பற்றிய சுற்றுலா விளம்பரங்களில் காவி வரிசை இல்லாத விளம்பரத்தைக் காண்பதே அரிது. 2021 டிசம்பரில் சீன எல்லையிலிருந்து வியந்தியான் வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகு கூட்டம் இன்னும் பெருகியிருக்கிறது. அந்த ஊரின் பிழைப்பில் ஒரு பகுதியே நம் கேமராக்களை நம்பி இருக்கும்போது, நாம் மட்டும் குற்றவுணர்வு சுமப்பானேன்? ஃபிளாஷ் போடாதீர்கள், குறுக்கே போகாதீர்கள், நீளமான லென்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பவர் மறுக்கட்டும், மறுக்காதவரை மௌனம் சம்மதம்தான்.

ஒளிவாங்கி எழுதியது:

நெடுவழிப்போக்கன் அவர்கள் சொன்ன கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் பெண் பார்க்கும் வீட்டிலிருந்து பஞ்சாயத்துக் கூட்டம் வரை மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்று எடுத்துக்கொண்டே பழகிவிட்டோம். பிச்சை ஏற்கச் செல்லும் பிக்குவின் மௌனம் அந்த வகையைச் சேர்ந்தது அன்று. லாவோஸிலும் இலங்கையிலும் வழங்கும் தேரவாத பௌத்தப் பிரிவின் பிக்குகளுக்கு 227 விதிகள் உள்ளன. அவற்றில் ‘சேகியா’ எனப்படும் 75 விதிகள் நடை, உடை, உண்ணும் முறை ஆகியவற்றைப் பற்றியவை. குடியிருப்புகளுக்கிடையே செல்லும்போது கண்களைத் தாழ்த்திச் செல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. உணவை ஏற்கும்போது கவனத்தைப் பாத்திரத்தில் வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. அதாவது, அந்த நேரத்தில் உங்களைப் பார்க்காமல் இருப்பதும் உங்களோடு பேசாமல் இருப்பதும் அவர் ஏற்றுக்கொண்ட ஒழுக்கம். மறுக்கும் வாய்ப்பே இல்லாத ஒருவர் மறுக்கவில்லை என்பதை நாம் எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்வது? வரிசையில் எவரிடமும் அனுமதி கேட்க முடியாது என்பதே தாமிரபரணியானின் கேள்விக்கு விடை. ஆகவே அனுமதியை வேறொரு நேரத்தில், வேறொரு இடத்தில் கேட்க வேண்டும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ஒரு நாளிதழில் இருபது ஆண்டுகளுக்கு மேல் புகைப்படக்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். லுவாங் பிரபாங்கிற்கு மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை நானும் முண்டியடித்தவன்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அங்கே விடுதிகளிலும் விகாரைச் சுவர்களிலும் தக் பாத் பற்றிய அறிவிப்புகள் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றை நின்று படியுங்கள். அமைதியாக இருக்க வேண்டும். தோளும் காலும் மறைய உடுத்த வேண்டும். சோறு இடுவது உங்களுக்குப் பொருளுள்ளதாக இருந்தால் மட்டும் இட வேண்டும். அதற்கான சோற்றையும் வழியில் துரத்தி வரும் வியாபாரிகளிடம் வாங்காமல் காலைச் சந்தையில் வாங்க வேண்டும். இடாதவர்கள் விலகி நிற்க வேண்டும். மிக அருகில் சென்று படமெடுக்கக் கூடாது. இவற்றோடு, பேருந்தில் அமர்ந்தபடி வரிசையைத் தொடரக் கூடாது என்றும் ஒரு வரி உண்டு. முதலில் படித்தபோது புகையும் இரைச்சலும்தான் காரணம் என்று நினைத்தேன். பேருந்தில் இருப்பவர் பிக்குவைவிட உயரத்தில் இருக்கிறார் என்பதும் காரணம். உயரம் அங்கே பெரிய விஷயம். சோறு இடுபவர்கள் மண்டியிட்டோ தாழ்ந்த முக்காலியில் அமர்ந்தோ இருப்பது இதனால்தான். ஆகவே மாடியிலிருந்தும் சுற்றுச்சுவர் மேல் ஏறியும் எடுக்கும் கோணங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ட்ரோன் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

எங்கே நிற்பது? பழைய நகரத்தின் முதன்மைத் தெருவான சக்கலின் சாலையில் வரிசை வரும் பக்கத்தில் நிற்காமல், எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு சுவரோரம் இடம் பிடித்துக்கொண்டு, கடைசி வரை அந்த இடத்தைவிட்டு அசையாமல் இருங்கள். வரிசை உங்களைக் கடந்து போகட்டும். நீங்கள் வரிசையைத் தொடர வேண்டாம். 85 அல்லது 135 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். தெருவிளக்கும் நீலம் பாய்ந்த வானமும் மட்டுமே வெளிச்சம் என்பதால், லென்ஸின் துளையை 1.8-க்குத் திறந்து, ஷட்டரை நொடியில் 125-இல் ஒரு பங்காக வைத்தால், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 6400 வரை ஏற வேண்டியிருக்கும். படத்தில் மணல் தூவியதுபோல் இருக்கும், பரவாயில்லை. ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்துங்கள், ஆனால் எல்இடி தெருவிளக்கின் கீழ் அது படத்தில் கோடு கோடாக இருள் படிய வைக்கலாம். முதல் நாளே சோதித்துக்கொள்ளுங்கள். ஃபோக்கஸ் விளக்கை மெனுவில் தேடி அணையுங்கள். கேமராவின் பின்திரையையும் அணைத்துவிடுங்கள், அந்த இருட்டில் அது டார்ச் விளக்குபோல் உங்கள் முகத்தை எரிய வைக்கும்.

இன்னொன்று. தக் பாத்தைச் சுற்றுலாக்காரர்களுக்கான காட்சி என்று எண்ணிவிடாதீர்கள். 1976-இல் புதிதாக ஆட்சிக்கு வந்திருந்த அரசு பிக்குகளுக்குப் பிச்சை இடுவதைத் தடுத்துப் பார்த்தது; மக்களின் எதிர்ப்பினால் தளர்த்த வேண்டியதாயிற்று. அரசையே பணிய வைத்த வழக்கம் அது. சோறு இடும் பாட்டிகளின் முகத்தில் தெரியும் கவனம் நமக்காக வரவழைக்கப்பட்டது அன்று.

கடைசியாக, அனுமதி. பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு ஏதாவதொரு சிறிய விகாரைக்குப் போங்கள். வத் சியெங் தோங் 1560-ஆம் ஆண்டளவில் மன்னர் செத்தாதிராத் எழுப்பியது, கட்டாயம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கே நெரிசல் அதிகம், யாரோடும் பேச முடியாது. பெயர் தெரியாத ஒரு விகாரையில், இலை கூட்டிக்கொண்டும் துவராடை எனப்படும் காவி உடையை உலர்த்திக்கொண்டும் இருக்கும் இளந்துறவிகளோடு பேசலாம். பலர் ஆங்கிலம் பழக ஆவலாக இருப்பார்கள். மூத்தவரைப் பார்த்துக் கைகூப்பிக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அங்கே கேட்க முடியும், அவரால் மறுக்கவும் முடியும். உங்களுக்கு வேண்டியது அந்த இடம்தான்.

கல்லிடைக்காரன் எழுதியது:

ஐயா, ஒரு சிறு ஐயம். பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது என்பது தெரியும். தாமிரபரணியானின் தங்கை வரிசையில் அமர்ந்து சோறு இடலாமா?

ஒளிவாங்கி எழுதியது:

தாராளமாக. இடுபவர்களில் பெரும்பாலோர் பெண்களே. உள்ளூர்ப் பெண்கள் தோளில் குறுக்காக ஒரு துணி அணிவார்கள். விடுதியில் கேட்டால் இரவல் தருவார்கள். கை பாத்திரத்திலும் துறவியின் மேலும் படாமல் இட்டால் போதும். கைக்குக் கை எதையும் கொடுக்க வேண்டாம்.

லடாக்வாசி எழுதியது:

நான் பணி நிமித்தம் லே நகரில் ஆறாண்டுகள் வாழ்ந்தவள். தாமிரபரணியான், அந்தச் சிறுவன் முகத்தை மூடிக்கொண்டதே உங்களுக்கு வந்த விடை. அவன் வரிசையில் நடக்கும் லாவோஸ் துறவி அல்லன். மறுக்க முடிந்தது, மறுத்துவிட்டான். படத்தை அழித்துவிடுங்கள்.

லடாக்கில் நிலைமை சற்று வேறு என்பதால் இதையும் எழுதுகிறேன். திக்சே மடாலயத்தில் விடியற்காலையில் கூரை மேலிருந்து இருவர் ஆளுயரத்திற்கும் நீளமான ஊதுகொம்புகளை ஊதி வழிபாட்டுக்கு அழைப்பார்கள். உள்ளே தாழ்ந்த இருக்கைகளில் வரிசையாகத் துறவிகள் அமர்ந்திருப்பார்கள். வெளியார் சுவரோரம் அமரலாம். வழிபாட்டின் நடுவே சிறுவர்கள் பெரிய கெண்டிகளில் வெண்ணெய்த் தேநீரை எடுத்துக்கொண்டு ஓடி வந்து ஊற்றுவார்கள். தேநீர் வந்தவுடன் இடைவேளை வந்துவிட்டது என்று எழுந்து நின்று படமெடுப்பவர்களை அடிக்கடி பார்த்திருக்கிறேன். இடைவேளை அன்று, அதுவும் வழிபாட்டின் ஒரு பகுதியே. துறவிகளின் இருக்கைகளைத் தாண்டிக் குதித்து நல்ல கோணம் தேடுபவர்களும் உண்டு. வாசலருகே ஓர் இடத்தில் அமர்ந்து, தேநீரைக் குடித்துவிட்டு, வழிபாடு முடிந்து எல்லோரும் கலையும்போது ஒருவரிடம் கேட்டு எடுத்த படங்களே எனக்கு எப்போதும் நன்றாக வந்தன.

‘கோன்காங்’ எனப்படும் காவல் தெய்வச் சந்நிதிகளில் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். ஸ்பிதுக் மடாலயத்தில் காவல் தெய்வங்களின் முகங்களை ஆண்டு முழுவதும் துணியால் மூடி வைத்திருக்கிறார்கள்; குளிர்காலத்து குஸ்தோர் திருவிழாவின்போது மட்டுமே திறப்பார்கள். மூலவருக்குத் திரை போட்டிருக்கும்போது நாம் எட்டிப் பார்ப்பதுண்டா? அதே கணக்குத்தான்.

ஹெமிஸ் திருவிழா பற்றியும் ஒரு சொல். முகமூடி நடனத்தின்போது முற்றத்தில் முதல் வரிசை முழுக்க ஒன்றரை அடி லென்ஸ்கள் நிற்கும். அவற்றின் பின்னே, திபெத்திய பௌத்தர்கள் போற்றும் குருவான பத்மசம்பவரின் பிறந்த நாளைக் கொண்டாடுவதற்காகத் தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து வந்த முதிய பெண்கள், வழிபாட்டுக்கான கைச்சக்கரத்தைச் சுழற்றியபடி எக்கி எக்கிப் பார்ப்பார்கள். துறவிகளுக்குச் செய்யும் மரியாதையை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம், வழிபட வந்தவர்களின் பார்வையை மறைப்பதும் அவமரியாதைதான்.

நெடுவழிப்போக்கன் எழுதியது:

ஒளிவாங்கி அவர்களே, ‘மறுக்கும் வாய்ப்பு இல்லாதவர்’ என்று நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். நான் அந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. எல்லோரும் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றால் எல்லோருக்கும் ஒரே படம்தான் கிடைக்கும். முன்பே பேசி, விகாரைக்கு ஒரு தொகையும் கொடுத்து, இரண்டு இளந்துறவிகளைத் தனியாக நிறுத்தி எடுத்துக்கொண்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, அவர்களுக்கும் வருமானம். அது இன்னும் நேர்மையான வழி அல்லவா?

பாகன்_நினைவுகள் எழுதியது:

இதற்கு நான்தான் பதில் எழுத வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் மியன்மாரில் ஒரு புகைப்படச் சுற்றுலாவில் பணம் கட்டிச் சேர்ந்தேன். பாகனில் ஒரு பழைய கோயிலுக்குள் எங்கள் பன்னிரண்டு பேரையும் அழைத்துச் சென்றார்கள். அங்கே மூன்று சிறுவர்கள் துவராடையோடு காத்திருந்தார்கள். சாளரத்திலிருந்து விழும் வெயிற்கற்றையில் தூசி தெரிவதற்காக ஒருவர் மண்ணை வாரி இறைத்தார். சிறுவர்கள் ஓலைச்சுவடியை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிப்பதுபோல் அமர்த்தப்பட்டார்கள். அந்தச் சுவடியைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை நான் வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்டேன். தூசியில் ஒருவன் இருமிக்கொண்டே இருந்தான். அவன் இருமல் நிற்கும் வரை பன்னிரண்டு பேரும் ஷட்டரில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

முடிவில் வழிகாட்டி ஆளுக்கொரு நோட்டை அவர்கள் கையில் திணித்தார். இளந்துறவிகள் ஏற்கும் பத்து விதிகளில் பத்தாவது, பொன்னும் வெள்ளியும் ஏற்கலாகாது என்பது. படிப்புக்காகவும் வேளைச் சோற்றுக்காகவும் ஏழைக் குடும்பங்கள் விகாரையில் விட்ட பிள்ளைகள் அவர்கள். வழிகாட்டி உட்காரச் சொன்னால் எழுந்து போகவா போகிறார்கள்? வரிசையில் வரும் பிக்குவாவது தம் வேலையைத் தாம் செய்துகொண்டிருக்கிறார். இந்தச் சிறுவர்களை அவர்கள் வேலையிலிருந்து இழுத்து வந்து, துறவிபோல் நடிக்க வைத்தோம். அந்தப் படம் ஒரு போட்டியில் பரிசு பெற்றது. பரிசுக் கேடயம் அலமாரியின் மேல்தட்டில் முகம் சுவரைப் பார்க்க இருக்கிறது.

அமரபுராவின் மகாகந்தாயோன் மடத்துக்கும் அதே பயணத்தில் போனோம். முற்பகல் பத்தே காலுக்கு நூற்றுக்கணக்கான துறவிகள் மதிய உணவுக்கு இரண்டு வரிசையாக நிற்பார்கள். நண்பகலுக்குப் பிறகு அவர்கள் உண்பதில்லை என்பதால் அதுவே அன்றைய கடைசிச் சாப்பாடு. இருபுறமும் சுற்றுலாப் பேருந்துகளிலிருந்து இறங்கியவர்கள். பந்தியில் உட்காரப் போகிறவர்களை நாம் இப்படிச் சூழ்ந்து நின்று பார்ப்போமா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. லென்ஸை மாற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

விகாரைக்குக் கொடுக்க விரும்பினால் உண்டியலில் போடுங்கள். போட்டுவிட்டு எதையும் கேட்காதீர்கள்.

யாழ்க்குருவி எழுதியது:

இலங்கையிலிருந்து சில வரிகள். இங்கே கமராவோடு வருபவர்கள் பிக்குமாரை விடப் புத்தர் சிலையோடுதான் அதிகம் சிக்கலில் மாட்டுகிறார்கள். சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பது கடும் அவமதிப்பாகக் கருதப்படும். 2012-ஆம் ஆண்டில் மூன்று பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் சிலையை முத்தமிடுவதுபோல் எடுத்த படங்களைக் கடையில் பிரதி எடுக்கக் கொடுத்தார்கள். கடையிலிருந்து பொலிஸாருக்குச் செய்தி போய், காலி நகர நீதிமன்றத்தில் அவர்களுக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு தமிழராக இந்த நாட்டில் பௌத்தமும் அரசும் சேர்ந்து நிற்கும் இடங்களைப் பற்றி எனக்கு வேறு கதைகளும் உண்டு. அவை இந்த இழைக்கு உரியவை அல்ல. ஆனால் அந்தக் கதைகளைக் காரணமாகக் காட்டி, வெள்ளை உடுத்துப் போயா எனப்படும் முழுநிலா தினத்தில் பூத்தட்டோடு நிற்கும் ஓர் அம்மாவின் முன்னால் நான் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ள முடியாது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நடைமுறையில் உதவும் ஒரு குறிப்பு: எங்கள் பஸ்களில் முன்னிருக்கை மதகுருமாருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். பிக்கு ஒருவர் யன்னலோரம் வெயிலில் அமர்ந்திருக்கும் காட்சி படமெடுக்கச் சொல்லி இழுக்கும். கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கேட்காமல் எடுத்தால் பஸ்ஸில் உள்ள மற்றவர்களே தட்டிக் கேட்பார்கள்.

ஒளிவாங்கி எழுதியது:

இழை ஒரு பக்கமாகச் சாய்ந்து, துறவிகளுக்குக் கேமராவே ஆகாது என்று யாரேனும் எண்ணிவிடப் போகிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிரானது. லுவாங் பிரபாங்கின் பிக்குகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தங்களைப் படமெடுத்துக்கொண்டும் படங்களைச் சேர்த்துக்கொண்டும் வந்திருக்கிறார்கள். வத் சென் விகாரையின் தலைவராக இருந்த பா கம்சான் என்ற மூத்த பிக்கு போரும் ஆட்சி மாற்றமும் வந்துபோன ஆண்டுகளிலெல்லாம் ஏராளமான படங்களைத் தம் அறையில் பாதுகாத்தார். அவரோடு சேர்ந்து பணியாற்றிய ஜெர்மானியப் புகைப்படக்காரர் ஹான்ஸ் கெயோர்க் பெர்கரும் மற்றவர்களும், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு அந்த ஊர் விகாரைகளில் கிடைத்த 30,000-க்கும் மேற்பட்ட படங்களை எண்மமாக்கினார்கள். பௌத்த ஆவணக்காப்பகம் என்ற பெயரில் அது இயங்குகிறது. ஊரில் அதன் கண்காட்சி இருந்தால் தவறவிடாதீர்கள்.

அந்தப் படங்களில் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். குருவும் சீடரும், துறவு ஏற்ற நாளில் பெற்றோரோடு நிற்கும் சிறுவன், ஸ்டுடியோவின் வரைந்த திரைக்கு முன்னால் விறைப்பாக அமர்ந்திருக்கும் இளம் பிக்கு. எல்லோரும் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். நாம் வைகறையில் எடுக்கும் படங்களில் ஒருவரும் நம்மைப் பார்ப்பதில்லை. இந்த வேறுபாட்டைக் கண்ட பிறகுதான், மூன்றாம் பயணத்தில், காலை வரிசையை விட்டுவிட்டு மாலையில் விகாரைகளுக்குப் போகத் தொடங்கினேன்.

தாமிரபரணியான் எழுதியது (ஜனவரியில்):

திரும்பி வந்து இரண்டு வாரங்களாகின்றன. லடாக் படத்தை, புறப்படுவதற்கு முன்பே, லடாக்வாசி அவர்களின் பதிவைப் படித்த அன்றிரவே அழித்துவிட்டேன்.

முதல் நாள் காலையில் கேமராவை அறையிலேயே வைத்துவிட்டோம். விடுதி நடத்தும் அம்மா விடிவதற்குள் மூங்கில் கூம்பில் அரிசியை ஆவியில் வேகவைத்து, மூடியுள்ள சிறு மூங்கில் கூடையில் திணித்துத் தங்கையிடம் கொடுத்தார். தோள் துணியையும் தாமே கட்டிவிட்டார். தூரத்தில் காலடி ஓசை கேட்கவில்லை, அவ்வளவு மெதுவான வெறுங்கால்கள். பாத்திரங்களின் மூடி திறக்கும் ஓசைதான் முதலில் கேட்டது. வரிசை இவ்வளவு விரைவாக நடக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. சோறு கொதித்துக்கொண்டிருந்தது, அதோடு விரல்களில் பசைபோல் ஒட்டிக்கொண்டது. தங்கை ஒரு உருண்டையைப் பிய்த்து எடுப்பதற்குள் இரண்டு பாத்திரங்கள் கடந்துவிட்டன. எத்தனை பேரை விட்டுவிட்டோம் என்று அவள் கலங்கிப் போனாள். பக்கத்திலிருந்த பாட்டி சிரித்துக்கொண்டே, உருண்டையைச் சிறியதாக எடுக்குமாறு கையாலேயே காட்டினார். வரிசையின் கடைசியில் வந்த சிறுவன் ஒருவன், தெருக்கோடியில் கூடையோடு மண்டியிட்டிருந்த ஏழைக் குழந்தைக்குத் தன் பாத்திரத்திலிருந்து ஒரு கை சோற்றை அள்ளிப் போட்டுவிட்டுப் போனான். அதைப் படமெடுக்கக் கையில் ஒன்றும் இல்லாமல் போனதற்காக வருந்தினேன் என்பதையும் மறைக்கவில்லை.

இரண்டாம் நாள் ஒளிவாங்கி ஐயா சொன்னபடி எதிர்ப்பக்கச் சுவரோரம் நின்றேன். எல்லோரும் எடுக்கும் படம்தான் கிடைத்தது. நெடுவழிப்போக்கன் சொன்னது சரி.

மூன்றாம் நாள் பிற்பகலில் விடுதி அம்மாவின் மகனை மொழிபெயர்ப்புக்கு அழைத்துக்கொண்டு ஒரு சிறிய விகாரைக்குச் சென்றோம். மூத்த பிக்குவை அவர் ‘சாது’ என்று விளித்தபோது தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். சாது இரண்டு கட்டுப்பாடுகளைச் சொன்னார்: உண்ணும்போதும் குளிக்கும்போதும் எடுக்கக் கூடாது; எடுத்த படங்களைத் தாளில் பிரதி போட்டுக் கொண்டுவந்து தர வேண்டும். அடுத்த இரண்டு நாட்களும் அங்கேயே இருந்தேன். பிள்ளைகள் முற்றத்துச் சருகைக் கூட்டினார்கள்; கொடியில் காயும் துவராடைகளுக்கு நடுவே அமர்ந்து ஆங்கிலப் பாடம் எழுதினார்கள். ஒருவன் வேண்டாம் என்று தலையசைத்தான், அவனை எடுக்கவில்லை. இன்னொருவன் நான் எடுத்ததைத் திரையில் பார்த்துவிட்டு, தன் தோளாடை சரிந்திருக்கிறது என்று சொல்லி அழிக்க வைத்து, ஆடையைச் சரிசெய்துகொண்டு வந்து, நேராக நிமிர்ந்து, கேமராவைப் பார்த்து நின்றான். அச்சு அசல் அந்தப் பழைய ஸ்டுடியோ படங்களைப்போல.

புறப்படும் நாளன்று ஊரிலுள்ள ஒரு கடையில் நான்குக்கு ஆறு அளவில் பன்னிரண்டு பிரதிகள் எடுத்துக் கொண்டுபோய்த் தாழ்வான மேசை மேல் வைத்தேன். சாது கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் பின்புறமும் பால்பாயின்ட் பேனாவால் பெயர்களையும் நாளையும் எழுதினார். ஒரு படத்தில் தூரத்தில் தெரிந்த பையனின் பெயர் நினைவுக்கு வராமல், முற்றத்தை நோக்கிக் குரல் கொடுத்துக் கேட்டுக்கொண்டு எழுதினார். பிறகு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்தார். அதில் ஏற்கெனவே நிறையப் படங்கள் இருந்தன.

நெடுவழிப்போக்கன் எழுதியது:

படித்துக்கொண்டே வந்தபோது அந்தத் தோளாடைப் பையனைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. இங்கே பதிவேற்றுவீர்களா?

தாமிரபரணியான் எழுதியது:

இப்போது முடியாது, மன்னிக்க வேண்டும். பிரதி கேட்டவரிடம் இணையத்தில் இடுவதைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். விடுதி அம்மாவின் மகனுக்கு எழுதியிருக்கிறேன். சாதுவைப் பார்த்துக் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது. அதுவரை, முதல் நாள் விடுதிக்குத் திரும்பியதும் கைபேசியில் எடுத்த ஒரே ஒரு படத்தை இணைக்கிறேன்: காலியான மூங்கில் கூடையும், சோறு ஒட்டிச் சிவந்துபோன தங்கையின் விரல்களும். அவளிடம் கேட்டுவிட்டேன்.